காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றிய வீடு

செடியை விற்பதைவிட, விற்ற செடியைத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள் என்று கெஞ்சுவதில்தான் நர்சரிக்காரனுக்குத் தொண்டை வறள்கிறது. ஆசையாகச் செடி வைத்து, வீட்டாரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு இது புரியும். உச்சிப்புளிப் பக்கம் நான் வறட்சி தாங்கும் பூச்செடிகள் விற்கிறேன். ஒரு வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன்.

கேட்டு வாங்கிய செடி

புதுமடத்திலிருந்து ஜன்னத் வந்தார். கணவர் சாகுல், சவுதியில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். லீவில் வரும்போது புதுவீட்டு வாசல் நிறையப் பூ இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. வீட்டுப் போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீரை ஜன்னத்தான் தெருக்கோடிக் குழாயில் பிடித்து, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளி வர வேண்டும். இடுப்பில் வலிக்கான பெல்ட் போட்டிருந்தார்.

காகிதப்பூச் செடிகளைக் காட்டினேன். எப்போதும் பச்சையாக நிற்கும்; வேர் பிடித்த பிறகு மண் நன்றாகக் காய்ந்தால்தான் பூக்கும்; தண்ணீர் கூடினால் வெறும் இலைதான் என்றேன்.

"என் இடுப்புக்குன்னே அல்லா படைச்ச செடியால்ல இருக்குண்ணே!"

வீடியோ காலில் தோட்டம்

செடிகள் வேர் பிடித்ததும் ஜன்னத் தண்ணீரை நிறுத்தினார். மதிய வெயிலில் இலை லேசாகத் துவண்டது. மொட்டு வைக்கும் முன் அப்படித்தான் ஆகும். மாமியார் பதறிப்போய் அதை மகனுக்கு வீடியோ காலில் காட்டிவிட்டார்.

சாகுல் என்னையே கூப்பிட்டார். அரபி வீட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதும் அவர் வேலைதானாம். அங்கே மணல், தண்ணீர் நிற்காது. நீங்கள் வாசலில் கொட்டியிருப்பது கண்மாயில் அள்ளிய கரம்பைக் களிமண், ஈரத்தை விடாது என்று பொறுமையாகச் சொன்னேன்.

"பாலைவனத்துலயே ரெண்டு வேளை ஊத்திப் பூக்க வைக்கிறவன் நான். அவ சோம்பேறித்தனத்துக்கு நீங்க ஒத்து ஊதாதீங்கண்ணே!"

ஜன்னலில் சாய்த்த போன்

அதன்பிறகு ஜன்னத், போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, கணவர் பார்க்கப் பார்க்க இரண்டு வேளையும் ஊற்றினார். நான் அந்தப் பக்கம் போனபோது செடிகள் மதிலையே மறைத்து நின்றன. பூ ஒன்றுகூட இல்லை. ஒரு வாரமாவது நிறுத்திப் பாருங்கள் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பூக்காட்டி செடி மேல பழி, தம்பி. வாடுனா இவ மேல பழி. ஊத்திட்டே போகட்டும்."

லீவு

சாகுல் வந்தார். இலையைப் பார்த்தார். நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். மதுரையிலிருந்து பிளாஸ்டிக் புல்லும் பூவும் வரவழைத்து வாசலை நிரப்பிவிட்டுத் திரும்பிப் போனார்.

கச்சான் காற்றில் மணல் வந்து புல்லெல்லாம் அப்பிக்கொள்கிறது. உப்புத்தண்ணீரில் கழுவினால் வெள்ளையாகத் திட்டு விழுகிறது. போன வாரம் ஜன்னத்தைத் தள்ளுவண்டியோடு பார்த்தேன். குடங்கள் நிறைய நல்ல தண்ணீர்.

"செடின்னா ஊத்தாதேன்னு சொல்ல நீங்களாச்சும் இருந்தீங்கண்ணே. இதைக் கழுவாதேன்னு சொல்ல யாரு இருக்கா?"

வறட்சி தாங்கும் செடி வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், வீட்டில் குடம் தூக்குகிறவர் யார் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் விசாரிக்கிறேன்.