மெத்தை வீட்டுத் தண்ணீர்

"வூட்ல யாருங்க? கொசு மருந்து!" என்று குரல் கொடுத்துவிட்டு ஷீபா சற்று நிற்பாள். இருபது வருடமாக ஆள் இல்லாத வீடு. உள்ளே வவ்வால்தான் படபடக்கும். "சரி, நானே பாத்துக்கறேன்" என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டு, செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு உள்ளே போவாள். தேளும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற வீட்டுக்குள் வெறுங்காலோடு போகிற ஆள், உத்திரமேரூர் வட்டாரத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஏனம்மா என்று கேட்டால், "இந்த வூட்டாண்ட மட்டும் அப்பிடி ஒரு பயக்கம்" என்பாள்.

ஷீபா கொசு ஒழிப்புப் பணியாளர். வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரில் புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, கொட்டிக் கவிழ்த்துவிட்டு, சுவரில் சாக்பீசால் தேதியும் 'ஷீ' என்று ஓரெழுத்தும் எழுத வேண்டும். சூப்பர்வைசர் மோகன் பின்னாலேயே வந்து அந்த 'ஷீ'யைத் தேடுவார். எழுத்து இல்லையா, அன்றைக்கு ஆப்சென்ட். பாழடைந்த வீடு என்றால் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு நடையைக் கட்டலாம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். இவளோ அடுத்த வீட்டு வரதனிடம் சாவி வாங்காமல் நகரமாட்டாள். "கொசு இன்னா, சாவி வாங்கிக்கினா உள்ள போவுது?"

மாடி வைத்துக் கட்டியதால் ஊருக்கு அது மெத்தை வீடு; வரதனின் தாத்தா கட்டியது. பங்காளிகள் கோர்ட்டுக்குப் போனதில் பூட்டு விழுந்தது. அதன் சரித்திரம் முழுவதும் ஷீபாவுக்குத் தண்ணீர் வழியாகத்தான் தெரியும். விதைநெல் ஊறப்போட்ட தொட்டி, ஊரையே கூட்டிச் சோறு போட்ட காலத்து அண்டாக்கள், பட்டணத்து மாப்பிள்ளைக்காக வாங்கி வைத்த பீங்கான் கக்கூஸ். "மாப்ள மூணு நாள் குந்திட்டுப் பூட்டாரு. அதுக்கப்பறம் அதுல கொசுதான் குடித்தனம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன ஐப்பசியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வரதனின் பேத்தி, ஆறு வயது இளமதி, டெங்குக் காய்ச்சலில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதே தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. "எங்கியோ தண்ணி நிக்குது. எங்கன்னுதான் தெரியல. செவுரெல்லாம் என் எழுத்துதான கீது" என்று ஷீபா குமைந்து போனாள்.  மெத்தை வீட்டை மூன்று முறை சல்லடை போட்டுச் சலித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் பின்கட்டில் நின்றால் கொசு மட்டும் மொய்த்தது.

கடைசியில் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா செங்கேணி அந்த வீட்டு நிலத்தில் முப்பது வருடம் நாற்று நட்டவள்; எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கைநாட்டுதான் வைப்பாள்.

"எம்மா, மெத்த வூட்ல தண்ணி நிக்கிற எடம் எதுனா வுட்டுட்டனா?"

"இன்னாமே, என்னாண்ட கேக்கற? நான் எப்ப உள்ள போனேன்? பின்னால செவுத்தாண்டதான் நிப்போம். செவுத்துல மூக்காட்டம் ஒரு கல்லு நீட்டிக்கினு இருக்கும். உள்ளேர்ந்து ஊத்துவாங்க, நாங்க கைய ஏந்திக்கினு குடிப்போம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னா, தாகமா கீதா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஷீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடினாள். வெளியே நீட்டியிருந்த கல்லை எந்தக் காலத்திலோ உடைத்து, ஓட்டையைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். அந்த இடத்தைக் கணக்குப் பண்ணி, உள்ளே குவிந்து கிடந்த ஓடுகளை அள்ளி அள்ளி அப்பால் போட்டாள். சுவருக்குள் முழங்கை ஆழத்துக்கு ஒரு கல்குழி இருந்தது. மெத்தையிலிருந்து ஒழுகிய மழைத்தண்ணீர் அதில் நிறைந்து நின்றது. டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் துள்ளின.

"அடப்பாவிங்களா, இங்கியா இருந்தீங்க!" என்று கத்தினாள். சத்தம் கேட்டு வரதன் ஓடி வந்தார்.

"நான் பொறந்த வூடு. எனக்கே தெரியாதேம்மா. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"எங்கம்மா தண்ணி குடிச்ச எடம், ஐயா."

வரதன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஷீபா குழியை இறைத்துத் துடைத்து மருந்து போட்டு முடிக்கும் வரை நின்றார். பிறகு ஒரு கூடை மணலைத் தானே தூக்கி வந்து அதில் கொட்டினார். கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து மகன் கூப்பிட்டான். இளமதி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறாளாம். மணல் கையோடு அவர் அழுதார். ஷீபாவும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழியின் வாயைச் சிமென்ட் பூசி மூடினாள்.

இனி எழுத்துப் போட வேண்டியதுதான். பூசிய இடத்துக்கு மேலே தேதியை எழுதினாள். 'ஷீ' போட ஓங்கிய கை அப்படியே நின்றது. மோகன் வந்து தேடுவார். காணோமென்றால் ஆப்சென்ட் போடுவார். போடட்டும். சாக்பீசை அழுத்திப் பிடித்து, பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக எழுதினாள்: செங்கேணி.