மஞ்சள் பையோடு யோர்க்குக்கு

லண்டனில் படித்த அந்த ஒரு வருடத்தில் நான் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது ஒரே ஒரு வார இறுதியில்தான். அதையும் வேலையாக மாற்றிக் கொடுத்தவர் என் வீட்டுக்கார அன்ரி.

லண்டனின் தெற்கே மோர்டனில், யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் மாடியறை எனக்கு. அன்ரியும் அவருடைய மகளும் மட்டும்தான் அங்கே இருந்தார்கள். மகள் அந்தப் பகுதிக் கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்த்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் அம்மாவிடம் தமிழிலும், தொலைபேசியில் ஆங்கிலத்திலும், என்னிடம் பெரும்பாலும் புன்னகையிலும் பேசுவார். நான் திருநெல்வேலிக்காரி. நான் பேசும் தமிழைக் கேட்டால் சீரியல் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று அன்ரி சொல்வார். அது பாராட்டா கேலியா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

வடக்கே யோர்க்குக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னது வியாழக்கிழமை. பெரிய தேவாலயத்தைப் பார்க்க வேண்டும், பழைய மதில்மேல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். அன்ரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, அங்கை ஒரு பெடியன் பார்மசியிலை வேலை செய்யிறான். எங்கடை பிள்ளைக்குப் பேச்சு நடக்குது. நீர் ஒருக்காப் பாத்திட்டு வாரும். ஆரெண்டு சொல்லக்கூடாது."

சம்பந்தம் பேசும்போது மறைவாக விசாரிப்பது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடைக்காரர் என்று ஆள் இருப்பார்கள். யோர்க்கில் யார் இருக்கிறார்கள்? அன்ரியின் சொந்தக்காரர்கள் எல்லோரையும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதோ ஒரு கல்யாணத்திலோ சாமத்திய வீடு என்று அவர்கள் சொல்லும் பூப்பு நீராட்டு விழாவிலோ பார்த்துப் பழக்கம். என் முகம் யாருக்கும் தெரியாது. உளவுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று அன்ரி முடிவு செய்துவிட்டார். மறுக்கும் தைரியம் எனக்கு இல்லை. மாசக்கணக்கில் அவர் கையால் சாப்பிட்டவள் நான்.

அக்கா அப்போது அதே அறையில்தான் இருந்தார். அவருடைய கல்யாணத்தைப் பற்றித்தான் பேச்சு. அவர் மட்டும் அதில் இல்லை. படியேறும்போது என் பக்கம் திரும்பி, கதீட்ரலை நன்றாகப் பார், படமெடுத்து அனுப்பு என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது அன்ரி ஒரு பையைக் கையில் திணித்தார். அவருடைய தம்பிக்கு மோர்டனில் மளிகைக் கடை. கடைப் பெயர் தமிழில் பெரிதாக அச்சிட்ட மஞ்சள் பை அது. உள்ளே நாலு பேர் சாப்பிடும் அளவுக்கு ரோல்ஸ், இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்தது. பயணம் போகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டுக்கே மரியாதை இல்லை. அன்ரியைப் பொறுத்தவரை உளவாளிக்கும் அதே சட்டம்தான்.

அன்ரி விலாசம் எழுதிக் கொடுத்த பார்மசி, தேவாலயத்துக்குப் போகும் தெருவிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்தால் மணி அடித்தது. மாப்பிள்ளை கவுண்டருக்குப் பின்னால் நின்றார். உயரம், கண்ணாடி, காதோரம் கொஞ்சம் நரை. நான் ஆங்கிலத்தில் இருமல் என்றேன். வறட்டு இருமலா, சளி வருகிறதா, எத்தனை நாளாக, இரவில் கூடுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். இல்லாத இருமலுக்கு இத்தனை கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் மருந்தே வேண்டாம், சுடுதண்ணீர் குடித்தால் போதும் என்றார். இதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நான் மனதில் குறித்துக்கொண்டபோது அவர் கண் கவுண்டர்மேல் நான் வைத்திருந்த பையில் நின்றது.

"மோர்டனிலை இருந்தே வாறியள்?"

நான் பையைக் கவுண்டரிலிருந்து இறக்கினேன்.

"உந்தப் பை யோர்க்கிலை ஒருத்தரிட்டையும் இல்லை. லண்டனுக்கு வந்தா அம்மா உந்தக் கடையிலைதான் சாமான் வாங்கிறவ. என்னைப் பாக்கவோ வந்தனீங்கள்?"

"ஆமா" என்றேன். அதற்குமேல் பொய் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

அவர் கோபப்படவில்லை. நான் முதல் ஆளும் இல்லையாம். முன்பு வேறொரு சம்பந்தத்துக்காகக் கொவென்ட்ரியிலிருந்து ஒரு பெரியவர் வந்து, கால்வலி என்று சொல்லி, சப்பாத்தைக் கழற்றிக் காலையே கவுண்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாராம். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை, ஆனால் கால்வலி மாறிவிட்டதாக நன்றி சொல்லி அனுப்பினார்களாம்.

இடைவேளையில் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பையைத் திறந்து நீட்டினேன். ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டார். உறைப்பு காணும் என்றார், காரம் போதுமாம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவவுக்கு இதிலை விருப்பமோ? எல்லாரும் ஓம் எண்டு சொல்லினம். அவ ஓம் எண்டு சொன்னவ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் என்னென்னவோ கேள்விகளுக்குத் தயாராகப் போயிருந்தேன். இந்த ஒன்றுக்கு இல்லை. "தெரியல. என் முன்னால யாரும் அவங்ககிட்ட கேட்டதில்ல" என்றேன்.

"அப்ப கேக்கச் சொல்லுங்கோ. விருப்பமில்லையெண்டா நான் கோவிக்கமாட்டன். கேக்காமல் மட்டும் செய்ய வேண்டாம்."

தேவாலயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர்களை உள்ளே விடுவதை நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் காலையில் ஆராதனை, மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்கள், அதற்குள் எனக்கு ரயில். வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன், ஒரு படம் எடுத்தேன், மதில்மேல் கொஞ்ச தூரம் நடந்தேன். நல்ல ஊர்தான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. ஊரான் வீட்டு விவகாரம், நான் வாடகைக்கு இருப்பவள். பார்த்தேன், நல்ல பையன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன? அந்த பெஞ்சும் அந்தக் கேள்வியும் இல்லாவிட்டால் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்ததும் அன்ரி தேநீர் வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். உயரம் எப்படி, நிறம் எப்படி, தலைமயிர் கொட்டியிருக்கிறதா, வாயில் சிகரெட் மணம் அடித்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பையால் பிடிபட்டதைச் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். ரோல்ஸ் சாப்பிட்டார் என்றதும் கை இறங்கியது. சமையலறை ஓரத்தில் அக்கா திங்கட்கிழமைக்கான உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மாப்பிள்ளை பெஞ்சில் கேட்டதைச் சொன்னேன்.

விருப்பமில்லாமல் என்ன, பொருத்தம் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அன்ரி. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அவர் கேட்டவரோ?"

"ஆமாக்கா."

"நீ என்ன சொன்னனீ?"

யாரும் கேட்டதில்லை என்று சொன்னதாகச் சொன்னேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் வேறு அறை தேட வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் அவர் மகளைப் பார்க்காமல், தேநீர் வைத்த கேத்திலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப உனக்கு விருப்பமோ?"

"அம்மா, இது மூண்டாவது சம்பந்தம். இப்பத்தான் கேக்கிறியள்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "நம்பரைத் தாங்கோ. நானே கதைக்கிறன்."

போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அந்தக் கல்யாணம் அடுத்த ஆண்டு நடந்தது. நான்தான் முடித்து வைத்தேன் என்று மோர்டனில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். பைதான் காட்டிக்கொடுத்தது, பேசியது அவர்கள் இருவரும்.

அன்று மாலை அன்ரி படிக்கட்டின் அடியில் போய் நின்றார். என்னைக் கையால் கூப்பிட்டு, மேலே போய் என்ன கதைக்கிறாள் என்று கேட்டுவரச் சொன்னார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு, பையில் மிஞ்சியிருந்த ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன். மேலேயிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்ரி கைப்பிடியைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அந்த நாளையிலை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை" என்றார்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நானும் கேட்கவில்லை.