கங்காரு மடிக்குள் ஓர் அண்டம்

கரிம்பா ஊரில் நெரிடா பாஸ்கோவிடம் பல் பிடுங்கிக்கொள்ளாத வாயே கிடையாது. அவளைக் கண்டால் செம்மறி ஆடுகள்கூட வாயை மூடிக்கொள்ளும். பிறர் பல்லில் உள்ள குழிகளைக் குடைந்தது போக மிச்ச நேரத்தில் வானத்துக் கருந்துளைகளைக் குடைவாள்.

கருந்துளைக்குள் விழுந்ததெல்லாம் என்ன ஆகிறது? அந்தப் பக்கம் புது அண்டமாக வெடித்துப் பிறக்கிறதோ? நம்முடைய அண்டமே வேறோர் அண்டத்தின் கருந்துளைக்குள் கிடக்கிறதோ? பெரிய பெரிய தலைகளும் பிய்த்துக்கொண்ட கேள்விகள்தான். ஆனால் நெரிடா சொன்ன உவமை அவளுக்கே சொந்தம்.

"கங்காரு மடிக்குள்ள கிடக்கிற குட்டிக்கு அந்த மடிதான் உலகம். வெளியில அம்மான்னு ஒருத்தி குதிச்சுக்கிட்டுத் திரியறது அதுக்கு எப்படித் தெரியும்? நாமளும் அந்தக் குட்டிதான்."

ஊர் வானியல் சங்கத்தின் சனிக்கிழமைத் தேநீரில் இதைச் சொன்னாள். அடுத்த வாரமே வட்டார வானொலியில் அந்தக் கங்காரு குதித்தது, சங்கத் தலைவன் க்ளைவ் டன்ஸ்டனின் குரலில். வீடு விற்றுத் தரும் தரகன் அவன். அடுத்தவன் வீட்டைத் தன் வீடு போலக் காட்டிப் பழகியவன். நெரிடாவின் பெயர் மருந்துக்கும் இல்லை.

நேரிலேயே கேட்டாள். "என்ன நெரிடா, கங்காரு நீ பெத்ததா? நம்ம நாட்டு ஒரு டாலர் காசுலகூடத்தான் கங்காரு படம் இருக்கு" என்று சிரித்தான்.

அன்றிலிருந்தே நெரிடா கணக்குப் போட ஆரம்பித்தாள். ஆண்டு விழாவில், மலைமேல் தொலைநோக்கி நிலையத்து விஞ்ஞானிகள் முன்னால் அதே பேச்சை அவன் பேசப்போகிறான். அங்கே கைதட்டு வாங்கிவிட்டால் கங்காரு காலத்துக்கும் அவனுடையது. ஆனால் அவளுக்கு க்ளைவைத் தெரியும். புகழ் வந்தால் தன் பையில் போட்டுக்கொள்வான். பழி வந்தால் யோசனை கொடுத்தவர் பெயரைக் கூவிச் சொல்வான்.

அடுத்த சனிக்கிழமை, ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டே, அவன் காதில் விழும்படி தோழி டாட்டியிடம் சொன்னாள்: "கருந்துளை பெருசாக ஆக, விளிம்புல இழுப்பு பயங்கரம் டாட்டி. ராட்சசத் துளைன்னா ஓரத்துல கால் வைக்கும்போதே ஆளை நூடுல்ஸாக்கிடும்."

உண்மை நேர் எதிர். சின்னத் துளைதான் விளிம்பிலேயே ஆளைப் பிய்த்துவிடும். ராட்சசத் துளையின் விளிம்பைத் தாண்டினால், தாண்டியதே தெரியாது. க்ளைவின் காது முயல் காதாக நீண்டதை நெரிடா பார்த்துக்கொண்டாள்.

விழா நாள் மதியம் மண்டபம் நிறைந்திருந்தது. க்ளைவ் கங்காருவை அவிழ்த்துவிட்டான்; கைதட்டல். பிறகு நூடுல்ஸை அவிழ்த்துவிட்டான். முன்வரிசையில் இருந்த விஞ்ஞானி ப்ரையனி மெல்லக் கை தூக்கினாள்.

"க்ளைவ், அது தலைகீழ் இல்லையா? பெரிய துளையோட விளிம்பு ரொம்ப சாது. உங்க மடிக் கதையே அதனாலதானே பொருந்துது?"

கரிம்பா சங்கத்தில் ஒரு விதி உண்டு. அண்டத்தைப் பற்றி அபத்தம் பேசிப் பிடிபட்டவர், தேநீர்க் கெண்டிக்குப் போர்த்தும் கம்பளிக் குல்லாயைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். டாட்டி சூடான கெண்டியிலிருந்து அதை உருவினாள். "மாட்டு! மாட்டு!" என்றது கூட்டம்.

க்ளைவின் முகம் பீட்ரூட் ஆனது. "எனக்கு எதுக்கு? நெரிடா சொன்னதைத்தானே சொன்னேன்!"

"நூடுல்ஸ் மட்டுமா, கங்காருவும் சேர்த்தா?" பின்வரிசையிலிருந்து நெரிடா கேட்டாள்.

"எல்லாமேதான்! மடி, குட்டி, மொத்தமும் உன் சரக்கு. நீயே வந்து பதில் சொல்லு!"

 மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் அடுத்த ஊர் ஆடுகள் மிரண்டு ஓடின.

"ரொம்ப நன்றி க்ளைவ். இதை உன் வாயால சொல்ல வைக்கத்தான் இவ்வளவு பாடு. நூடுல்ஸ் நான் வேணும்னே தலைகீழாச் சொன்னது."

"வேணும்னேவா? நீயெல்லாம் மனுஷியா?"

"பல் டாக்டர். மரத்துப்போக ஊசி போடாம பிடுங்கினேன், அவ்வளவுதான்." குல்லாயை வாங்கி அவன் காது மறையும்வரை இழுத்துவிட்டாள்.

"மிச்சத்தை நீங்களே பேசுங்களேன்" என்றாள் ப்ரையனி.

நெரிடா பேசினாள். தேநீர் ஆறியது, வெயில் சாய்ந்தது, அவள் நிறுத்துவதாக இல்லை. படங்களெல்லாம் க்ளைவின் கணினியில் இருந்ததால் அவன்தான் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டியிருந்தது.

"அடுத்த படம், க்ளைவ்... ஐயோ, இல்ல இல்ல, பழைய படத்துக்கே போ."

கம்பளிக்குள்ளிருந்து வழிந்த வியர்வையை ஊதிக்கொண்டே அவன் பொத்தானை அழுத்தினான்.