வெட்டிவேர் போட்ட குடம்

மேனாம்பேட்டில் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம். பக்கத்து வீட்டுக்காரியின் பேத்தி கைக்குழந்தை. அதற்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. காய்ச்சித்தான் கொடுத்தாள், ஆனால் பால் பாட்டிலைக் கழுவியது அதே குழாயில்.

தெருவே திரண்டு குடிநீர் வாரிய ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டதும் பலன் கிடைத்தது. தண்ணீரைச் சோதிக்க ஆள் வருகிறாராம். மாதிரி எடுக்கும்போது தெருக்காரர் ஒருவர் கூடவே நிற்க வேண்டுமாம்.

"நீயே நில்லுக்கா. உனுக்குத்தான் வாய் நீளம்" என்றார்கள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேரன் காதுகுத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

வந்தவருக்கு என் மகன் வயது. அவர் பாட்டிலை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி பளபளக்கும் பித்தளைக் குடத்தோடு ஓடிவந்தாள்.

"இந்தா நைனா, கொயாத் தண்ணிதான். ஒனக்குன்னு புட்ச்சி வச்சிகீறேன்."

அவர் பாட்டிலில் ஊற்றி மோந்து பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு?"

குடத்துக்குள் எட்டிப் பார்த்தால் வெட்டிவேர் மிதக்கிறது.

"இன்னாடி பண்ண?" என்று அவள் காதைக் கடித்தேன்.

"காய்ச்சி, வடிகட்டினேங்கா. ஊட்டாண்ட வர்றவருக்கு நாத்தத் தண்ணியவா நீட்டுவாங்க?"

இந்த பாட்டில் போனால் நம் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றாகிவிடும். அப்புறம் யார் வந்து குழாயைத் தோண்டுவது? அவளைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை. ஓடிப்போய் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினேன்.

"வெயில்ல வந்துகீற, குடி நைனா."

வாயருகே கொண்டுபோனவர் சட்டென்று டம்ளரை இறக்கினார்.

"இன்னா, மூஞ்சி கோணிக்கிச்சு? ரெண்டும் ஒரே கொயாதான். குடத்துல கீறது மாப்பிள்ளைக்கு ஜோடிச்ச பொண்ணு. இது தெனம் எங்ககூட குடும்பம் நடத்துறது."

அவர் சிரித்துவிட்டார். முதல் பாட்டிலைக் கொட்டிவிட்டு, புது பாட்டிலோடு நேரே குழாயடிக்குப் போனார். நான் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒட்டிக்கொண்டே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி என் இடுப்பைக் கிள்ளினாள்.

அடுத்த வாரம் தெருவைத் தோண்டினார்கள். வேடிக்கை பார்க்க நாங்கள் எல்லோரும் பள்ளத்தைச் சுற்றி நின்றோம். உடைந்த சாக்கடைக் குழாய்க்கு அடியிலேயே எங்கள் குடிநீர்க் குழாய், இணைப்பு விட்டுக் கிடந்தது.

தோண்டிய ஆட்களுக்கு அவள் மறுபடி அந்தக் குடத்தைத் தூக்கி வந்தாள்.

"இது குடிக்கத்தாங்கா" என்று என்னைப் பார்த்து முறைத்தாள்.

புதுக் குழாயில் தண்ணீர் வந்த அன்று முதல் டம்ளரை அவளிடம்தான் கொடுத்தேன். மோந்தாள், குடித்தாள், பிறகு உள்ளே போய்ப் பால் பாட்டிலை எடுத்து வந்தாள்.