உச்சி விழுந்த பிள்ளை

எங்கள் மூத்த பையன் பிறக்கும்போதே தலை இடப்பக்கம் சப்பையாக இருந்தது. இரண்டு நாள் வலிக்குப் பிறகு பிறந்தவன். புருஷனை இழந்து எங்களோடு இருந்த என் அக்காள்தான் வீட்டை ஆண்டாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருந்து ஒருத்தியை வரச்சொன்னதும் அவள்தான். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்த பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பெண்பிள்ளை கையில் குளித்தவர்கள்தான்.

காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் போட்டுக்கொள்வாள். எண்ணெய் தொட்டு, சப்பைப் பக்கத்தில் விரல் நுனியை வைப்பாள். அமுக்கமாட்டாள். தயிர் ஆடைமேல் வைப்பதுபோல வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். பிறகு விரலைக் கொஞ்சம் தள்ளி வைப்பாள். வீறிட்டு அழுதுகொண்டிருக்கும் பிள்ளை அப்படியே கண் சொருகித் தூங்கிவிடும்.

"மண்டைய என்ன, பானையா வனையுத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பானைன்னா சுட்டு எடுத்துட்டுப் போயிருவேனே, அய்யா. இது வளருத மண்டைலா, பைய பையத்தான் கேக்கும்" என்றாள். என் பெண்டாட்டி சிரித்துவிட்டாள்.

மூன்று மாதத்தில் தலை உருண்டு வந்தது. யாரும் அவளை மெச்சவில்லை. நானும் மெச்சவில்லை.

பங்குனி வெயிலில் பிள்ளைக்கு வயிற்றாலே போனது. தண்ணீர் தண்ணீராகப் போயிற்று. "பால் உள்ள போகப் போகத்தான் வெளிய போகுது, நிறுத்து" என்றாள் அக்காள். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். பாலையும் நிறுத்தினோம், தண்ணீரையும் நிறுத்தினோம். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினோம். மறுநாள் உச்சந்தலையில், எலும்பு கூடாத இடத்தில், ஒரு புளியங்கொட்டை உட்காரும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"பாத்தியாலே தம்பி, தினம் தினம் மண்டையப் போட்டு அமுக்கி உச்சிய இறக்கிட்டா" என்றாள் அக்காள்.

அந்த நேரம் பார்த்து அவள் குளிப்பாட்ட வந்தாள். பிள்ளையை வாங்கி உச்சியைத் தொட்டாள். உதட்டைத் தொட்டாள். "இது கையால எடுக்கது இல்ல, ஆச்சி. பிள்ளைக்கு உள்ள ஈரமே இல்ல. பால் குடுங்க. தண்ணிய ஆறவச்சு சொட்டுச் சொட்டா விடுங்க" என்றாள்.

"அமுக்கியும் போட்டுட்டு எனக்குப் புத்தியா சொல்லுத?" என்று பிள்ளையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். வாசலுக்கு வந்து தெரு கேட்கக் கத்தினேன். "இவ கை பட்டுத்தான் எம்பிள்ளைக்கு இப்படி ஆச்சு. இனி இவள யாரும் உள்ள விடாதீங்க." அவள் முந்தானையில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

உள்ளே என் பெண்டாட்டி அக்காள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மைனி, ஒரு வாய் குடுக்கேன். ஒரே ஒரு வாய்."

"சும்மா கெடட்டி" என்றேன். அக்காள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது. ஆற்றோரம் குழிதோண்டி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் எட்டு நாள் என் பெண்டாட்டிக்குப் பால் சுரந்தது. மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் கண்டது. கொல்லையில் வாழைமூட்டில் பீய்ச்சிவிட்டு வருவாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து என் வயிற்றுக் கோளாறுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "அமுக்கினால் அப்படிக் குழி விழாது. உடம்பில் தண்ணீர் வற்றினால் விழும். குடிக்கக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களைந்தாள்.

மறுநாள் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். தெருவில் ஒரு வீட்டிலும் பிள்ளை குளிப்பாட்டக் கூப்பிடாததால் அவள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றுகொண்டே, "தப்பு என்னுது. நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

அவள் நிமிரவில்லை. நாற்றை ஊன்றிக்கொண்டே, "இங்கன வந்து சொல்லுதீங்களே அய்யா, இங்கன யாருக்குக் கேக்கும்? தெருவுல வச்சுச் சொன்னீங்க. தெருவுல வச்சே சொல்லுங்க" என்றாள்.

நியாயம்தான். அன்று சாயங்காலம் நான் தெருவுக்கு வந்தபோது நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றான் ஒருத்தன். சொன்னால் எங்கள் பிள்ளையை நாங்களே கொன்றோம் என்று ஆகும். வாசல் நடையில் அக்காள் நின்றுகொண்டிருந்தாள்.

வாய்க்காலில் இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.