மூத்தவன் தலை

தோபியாஸ் ஒக்வேனோ பத்து வருடங்களாக ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒழுங்காக இருந்தான். காலையில் எழுந்தால் பல் தேய்ப்பதற்கு முன்பே மின்சார ரேசரை எடுத்து மண்டையை மழித்துவிடுவான். ஜெபத்தைத் தள்ளிப்போடுவான், ஊருக்குப் போன் பண்ணுவதைத் தள்ளிப்போடுவான். மழிப்பதை மட்டும் தள்ளிப்போட்டதே இல்லை. நைரோபியில் அவன் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கடையில் எல்லோரும் அதை ஸ்டைல் என்று நம்பினார்கள். உண்மை என்னவென்றால், நடுமண்டை எப்போதோ காலி. ஓரத்தில் மிச்சமிருந்ததும் நரை.

ஆறு வருடத்துக்கு முன் யுனிட்டாவைக் கட்டிக்கொண்டபோது அவளிடம், "வளரவிட்டா புதர் மாதிரி மண்டிடும், சூடு தாங்காது. அதான் எடுத்துடறேன்" என்று சொல்லிவைத்தான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. மலேரியாவில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தபோதுகூடக் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் மழித்துவிட்டு வந்து படுத்தான். அவளைவிட அந்த ரேசர் மேல்தான் அவனுக்கு விசுவாசம் அதிகம் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருக்க முடியாது.

இப்படிப்பட்டவனின் அப்பா சொந்த ஊரான நியாகாச்சில் செத்துப்போனார். தொண்ணூறைத் தொட்டுவிட்ட மனிதர், தூக்கத்திலேயே போய்விட்டார். ஒக்வேனோ யுனிட்டாவோடு வந்து இறங்கி, மூத்த மகனாக எல்லாவற்றையும் எடுத்துச் செய்தான். கூடாரம், நாற்காலி, மைக், மாடு எல்லாம் அவன் பொறுப்பு. சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. அழத்தான் நேரம் கிடைக்கவில்லை என்று அவனே ஒரு கணக்கு வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை நாலாம் நாள். விடிகாலையில் பிள்ளைகள், மருமகள்கள் எல்லோருக்கும் தலைமுடி எடுக்க வேண்டும். மூத்தவன் தலையில் தொடங்கி வரிசையாக வரவேண்டும். இளையவன் முந்திக்கொண்டால் வீட்டுக்கு ஆகாது. முடி எடுக்காமல் யாரும் வாசல் தாண்டிப் பிழைப்பைப் பார்க்கப் போகவும் கூடாது. முன்பெல்லாம் சவரக்கத்தி. இப்போது தம்பி ஒடேராவின் கையில் மெஷின். சந்தையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவன் வீட்டிலேயே இருக்கும்போது கத்தி எதற்கு என்று அத்தை தோர்சிலாவே சொல்லிவிட்டாள். அத்தை என்றால் செத்தவரின் தங்கை. எண்பது வயது, ஏழு பல், அந்த வீட்டின் சட்டமெல்லாம் அவள் வாயில்தான்.

முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு, "மூத்தவனே, வா" என்று கூப்பிட்டாள். ஒக்வேனோ பளபளவென்று வந்து உட்கார்ந்தான். பழக்க தோஷம். கிணற்றடிக்குப் பின்னால் நின்று அப்போதுதான் மழித்துவிட்டு வந்திருந்தான்.

அத்தை அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். விரலை முகர்ந்தும் பார்த்தாள்.

"முடி எங்கடா?"

"எடுத்துட்டேன் அத்தை. எப்படியும் எடுக்கணும்தானே."

"யாரு எடுத்தா?"

"நானேதான்."

"நீயேவா? உனக்கு யாருமே இல்லையா? அனாதையா நீ? அப்பன் முற்றத்துல விழவேண்டிய முடியைக் கொண்டுபோய் எங்கடா கொட்டின?"

"வாழை மரத்துக்கிட்ட."

"வாழை மரமா உன்னைப் பெத்துச்சு?"

பின்னால் வரிசையில் நின்ற தங்கை அபிச், சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள். ஆனால் அத்தை அடுத்து சொன்னதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மூத்தவனுக்கு முடி முளைக்கட்டும், அதற்கு நாலு நாள் ஆகும், அதுவரை ஒருத்தரும் வாசலைத் தாண்டக்கூடாது என்றாள் அத்தை. ஒக்வேனோவின் ரேசரை வாங்கித் தன் இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.

அபிச் கிசுமுவில் நர்ஸ். அவளுக்கு விடுப்பு அன்றோடு முடிகிறது. ஒடேரா நிலைமை இன்னும் மோசம். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையை ஒட்ட வெட்டிக்கொள்ள அவன் கடை வாசலில் வந்து நிற்பது, அதற்கு முந்தின இந்த இரண்டு நாளில்தான். அத்தனை தலையும் எதிர்க்கடைக்காரன் மடியில் போய் விழப்போகிறது.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் கையை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா அண்ணா?" என்றான் ஒடேரா.

ஒக்வேனோவுக்கு அதுவா கவலை? நாலு நாளில் யுனிட்டா பார்த்துவிடுவாளே என்பதுதான்.

புதன்கிழமை தலை சொரசொரத்தது. அப்பாவின் பழைய கம்பளித் தொப்பி ஒன்றைத் தேடி எடுத்துக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டான். கொளுத்தும் வெயிலில் தொப்பிக்குள் வியர்த்து வழிய உட்கார்ந்து கூழ் குடித்தான். "தலைவலி" என்றான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் துக்கத்தை விட்டுவிட்டு, "விளைச்சல் எப்படி?" என்று விசாரித்தார்கள். தொப்பியோடு படுத்தான், தொப்பியோடு எழுந்தான். வியாழக்கிழமை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒடேராவை மடக்கினான்.

"தம்பி, அந்த மெஷினைக் கொஞ்சம் குடுடா. ஓரத்தை மட்டும் லேசா."

"குடுத்தா அத்தை இன்னொரு நாலு நாள்னு சொல்லும். இன்னிக்கு என் கடை பூட்டிக் கிடக்குதுண்ணா. பக்கத்துல நிக்காதே, கையில என்ன கிடைக்குதோ அதால அடிச்சுடுவேன்."

சனிக்கிழமை விடிந்தது. மறுபடியும் முற்றம், மறுபடியும் ஸ்டூல். ஒக்வேனோ தொப்பியோடு வந்து உட்கார்ந்தான். சுற்றிலும் சொந்தம் நின்றது. யுனிட்டா மருமகள்கள் வரிசையில் நின்றாள்.

"கழட்டு" என்றாள் அத்தை.

அவன் யுனிட்டாவைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கழற்றினான். காதிலிருந்து காது வரை பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு வேலி, நடுவில் வெட்டவெளி. யாரோ இருமுவது போல் சிரித்தார்கள்.

"இதுக்காகவா மூணு நாளாத் தொப்பியோட தூங்கினீங்க?" என்று யுனிட்டாவின் குரல் கேட்டது. "வீட்ல வாஷ்பேசினைத் தினமும் யாரு கழுவுறான்னு நினைச்சீங்க? ஆறு வருஷமா வெள்ளை முடியைத்தான் வழிச்சுக் கொட்டிக்கிட்டிருக்கேன்."

அவன் கண்ணைத் திறந்தான். "ஏன் சொல்லல?"

"அவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

முற்றமே சிரித்தது. செத்த வீடு என்பதே மறந்துபோகுமளவுக்குச் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் கிட்டே வந்து அவன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"எங்கண்ணனுக்கும் இங்கதான் போச்சு" என்றாள். "இதே அளவுதான். கடைசிவரைக்கும் ஓரத்துல மட்டும் இப்படி நின்னுது."

ஒடேரா ஓடிக்கொண்டிருந்த மெஷினை அணைத்துவிட்டான். இருபது வருடங்களாக அப்பாவுக்கு முடி வெட்டியவன் அவன். குனிந்து அண்ணனின் பின்னந்தலையைப் பார்த்தான்.

"சுழிகூட அப்பாவுக்கு இருந்த மாதிரியே இடது பக்கம் தள்ளி இருக்குண்ணா. எத்தனை தடவை அதுல சீப்பு சிக்கியிருக்கு தெரியுமா?"

ஒக்வேனோ கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். முள் முள்ளாகக் குத்தியது. பத்து வருடமாகத் தினமும் காலையில் எதை வழித்துச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூடாரமும் நாற்காலியும் மைக்கும் தடுத்து வைத்திருந்த அழுகை மொத்தமாக வந்தது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"அழு" என்றாள் அத்தை. "முடி வேணும்னு சும்மாவா சொன்னேன்."

ஒடேரா மெஷினை மறுபடியும் ஓடவிட்டான். அந்தச் சத்தம் கேட்டதும் ஒக்வேனோ இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

"வேண்டாம்டா. இன்னிக்கு வேண்டாம். இன்னும் நாலே நாள் இருக்கட்டுமே."

"அண்ணா," என்றாள் அபிச், "இன்னும் நாலு நாள்னா நானே உன்னைக் கொன்னுடுவேன். அப்புறம் அதுக்கு ஒரு நாலு நாள் இங்கேயே கிடக்கணும்."

அழுகைக்கு நடுவிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையாக நிற்கிறவர்களை ஒருமுறை பார்த்தான். பிறகு கைகளை மெல்ல இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு குனிந்தான்.

"சுழியைக் கடைசியா எடு" என்றான்.