கழுத்தில் நுழையாத கவுன்

எங்கள் ஊர் ஆரணி. என் கணவர் வீட்டிலேயே பட்டு நெய்கிறார். மூன்று வயது மகள் வள்ளியின் பிறந்தநாளுக்கு, மிச்சமான பட்டுத் துண்டில் நானே ஒரு கவுன் தைத்தேன். கழுத்து விறைப்பாக நிற்கட்டும் என்று சுற்றிலும் ஜரிகை வைத்து இரட்டைத் தையல் போட்டேன்.

அன்று காலை குளிப்பாட்டி, தலை வழியாக மாட்டினேன். கவுனின் கழுத்து நெற்றியில் இறுகி நின்றுவிட்டது. ஜரிகை கொஞ்சமும் நெகிழவில்லை. திரும்ப மேலே இழுத்தாலும் வரவில்லை. கைகள் இரண்டும் உள்ளே சிக்கிக்கொண்டன.

"மூச்சு முட்டுதும்மா!" என்று அலறிய வள்ளி, என்னிடமிருந்து திமிறிக்கொண்டு கண் தெரியாமல் ஓடினாள். அந்தப் பக்கம்தான், பழுது பார்க்கப் பிரித்துப் போட்ட இன்னொரு தறியின் குழி, நெய்கிறவர் கால் விட்டு மிதிக்கும் பள்ளம், திறந்து கிடந்தது.

பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த கணவர், எட்டிக் கவுனின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். குழியின் விளிம்பில் குழந்தை நின்றாள்.

"ஜல்தி கத்திரி எடு! என்னா பாத்துகினு நிக்கிற?"

நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்ததும் அவரே முதுகுப் பக்கம் வெட்டினார். இரட்டைத் தையல் லேசில் விடவில்லை. ஒருவழியாக வெளியே வந்த முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வாரி அணைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

இப்போதெல்லாம் தலைச்சுற்றளவைத்தான் முதலில் அளக்கிறேன். முதுகில் திறப்பு விட்டுக் கொக்கி வைக்கிறேன். அப்படியும் நான் புதுச் சட்டையோடு வந்தால் வள்ளி சுவரோரம் ஒதுங்கி, "மொதல்ல நீ போட்டுகினு காட்டும்மா" என்கிறாள்.